முப்பத்தொன்றாம் வண்டியின் பின்டயர்

"சீச்சீ" என்ற பெயரை அவருக்கு வைத்தது யார் என்று தெரியாது. எப்போது வைத்தார்கள் என்பது தெரியும். டயர் வேலைக்கு வந்த முதல் மாதத்தின் மூன்றாவது வாரம். அவருக்கு வயது இருபத்து மூன்று. கடைக்கு வெளியே அடுக்கியிருந்த பழைய டயர் ஒன்றைப் புரட்டினார். உள்ளே தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர், கொசுப்புழு, ஊறி உப்பிய ஒரு எலி, எல்லாம் சேர்ந்து அவர் செருப்புக் காலில் கொட்டின. "சீச்சீச்சீ" என்று கத்திக்கொண்டே தெருக்கோடிக் குழாய் வரைக்கும் ஒற்றைக் காலில் நொண்டிப் போனார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அதற்கப்புறம் முப்பத்தோரு ஆண்டுகள் டயரோடுதான் வாழ்ந்தார். ஆனால் ஒரு நாளும் டயர் அவருக்குப் பழகவில்லை. மற்றவர்களுக்கு அழுக்கு பழகிவிடும். அவருக்கு நாளுக்கு நாள் கூடியது. ரிம்மில் அப்பிய சாணி, அதில் ஒட்டிய மயிர், ஓட்டுநர்கள் வண்டியில் செருகிவிட்டுப் போகும் வியர்வைக் கைக்குட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: "சீ." காலையில் இரண்டு தடவை, மதியம் சாப்பாட்டுக்கு முன் மூன்று தடவை, வீட்டுக்குப் போகுமுன் நான்கு தடவை கை கழுவுவார். சட்டைப் பையில் தனி சோப்பு, டப்பாவோடு இருக்கும்.

கடைசிப் பதினாறு ஆண்டுகள் அவர் வேலை பார்த்த நிறுவனம், மருத்துவமனைகளில் எடுத்த ரத்த மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகிற நிறுவனம். நாற்பத்து நான்கு மோட்டார் சைக்கிள்கள். அவர் டயர் பரிசோதகர். ஒவ்வொரு வண்டியும் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்கு வரும். டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்பக்கத்தை வெறுங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். வால்வு இருந்த இடத்தில் சாக்பீசால் ஒரு கோடு போட்டு, அங்கே விரல்களை வைத்து, கையை எடுக்காமல் ஒரு முழுச் சுற்று வந்து அதே கோட்டில் முடிக்க வேண்டும். நடுவில் கை எடுத்தால் மறுபடி கோட்டிலிருந்து. இந்த விதியை எழுதியவரே அவர்தான். "கண்ணு பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பார். பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி உண்டு: தடவிப் பார்த்தது. அதில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நொடியிலிருந்து டயருக்குப் பொறுப்பு ஓட்டுநர் அல்ல, அவர்.

பட்டறைச் சுவரில் மூன்று டயர்த் துண்டுகளை ஆணியில் மாட்டியிருந்தார். மூன்றும் அவரே அறுத்தவை. புதிதாகச் சேரும் ஓட்டுநர் யாராக இருந்தாலும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்காமல் சாவி வாங்க முடியாது.

முதல் துண்டு கிராஸ்பிளை. அதற்குள் நூல் அடுக்குகள் சாய்வாக ஓடும். ஒரு அடுக்கு இப்படிச் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் சாயும், நாற்காலிக்குப் பிரம்பு பின்னினது போல. பக்கச்சுவரும் மேல்பாகமும் ஒரே பின்னல்தான் என்பதால் டயர் முழுக்கக் கெட்டி. பாரம் தாங்கும், அடி தாங்கும். ஆனால் கனம், விரட்டி ஓட்டினால் அடுக்கோடு அடுக்கு உரசிச் சூடேறும். மூன்றாவது துண்டு ரேடியல். அதில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க் குறுக்காக ஓடும், சீப்புப் பல்லைப் போல. தரையைத் தொடும் பாகத்துக்கு அடியில் மட்டும் சுற்றிவர ஒரு பெல்ட் இருக்கும். பக்கச்சுவர் மெல்லியது, வளைந்து கொடுக்கும். சூடு குறைவு, வளைவில் சாய்த்தாலும் ரோட்டை விடாது. நடுவில் தொங்கியது பெல்ட் போட்ட கிராஸ்பிளை. அதைக் காட்டும்போது மட்டும் அவர் உதடு கோணும். "ரெண்டுங்கெட்டான்" என்று சொல்லி அடுத்ததுக்குப் போய்விடுவார்.

"எல்லாம் கறுப்பு, எல்லாம் உருண்டை. இதுக்குப் போய் ஒரு மணி நேரம் பாடமா?" என்று கேட்டது அவருடைய மனைவியின் தம்பி. அவருக்கு மாப்பிள்ளை. முப்பத்தோரு வயது, கல்யாணமாகவில்லை, நான்கு ஆண்டுகளாக அவர் வீட்டு முன்னறையில் குடியிருப்பு. வேலையும் அவர் சொல்லித்தான் கிடைத்தது. முப்பத்தொன்றாம் எண் வண்டி அவனுடையது.

உலகத்தில் சீச்சீக்கு அருவருப்பான பொருள்களை வரிசைப்படுத்தினால் எலிக்கு அடுத்த இடம் மாப்பிள்ளைக்கு. தின்ற கையைத் திரைச்சீலையில் துடைப்பான். காலுறையை மூன்றாம் நாளும் போடுவான். இவர் துண்டை எடுத்துத் தலை துவட்டிவிட்டு, ஈரத்தோடு சுருட்டி இவர் தலையணை மேலேயே போடுவான். இவர் சீப்பையும் எடுப்பான். "மாமா, ஒரு முடிகூட ஒட்டலை பாருங்க" என்று சீப்பை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவான். ஒட்டியிருக்கும்.

"அவன் குழந்தை மாதிரிங்க" என்பாள் மனைவி.

"குழந்தையைக் குளிப்பாட்டவாவது முடியும்" என்பார் இவர்.

அந்த ஆண்டு ஜனவரியில் நிறுவனம் பத்தொன்பது வண்டிகளுக்கு முன்னும் பின்னும் ரேடியல் போட்டது. முப்பத்தொன்றும் அதில் ஒன்று. மேற்பார்வையாளருக்குப் பெருமை பிடிபடவில்லை. சீச்சீ மட்டும் ஓட்டுநர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்:

"இதுவரைக்கும் கிராஸ்பிளை ஓட்டுனீங்க. டயர் தோள்பட்டையில, மேல்பாகம் பக்கச்சுவரா மடியற ஓரத்துல, ஆணி ஏறினாலும் ரோட்டோரமா ஓட்டையில ஒரு ரப்பர் திரியைச் சொருகிட்டு வந்து நின்னீங்க. தப்புதான், ஆனா பின்னல் இழுத்துப் பிடிச்சுது. ரேடியல் அப்படி இல்லை. பெல்ட்டுக்கு வெளியே இருக்கறது சீப்பு. ஒரு பல் போனா பக்கத்துப் பல் வந்து தாங்காது, அடுத்தடுத்து கழண்டுக்கிட்டே போகும். தோள்பட்டையில திரி கூடாது. உள்ளே அந்த பஞ்சர் ஜெல்லையும் ஊத்தக் கூடாது. ஊத்தினா உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

"ஜெல்லு நல்லதுதானே மாமா? ஓட்டையைத் தானா அடைச்சுக்கும்."

"புண்ணு மேல பவுடர் போட்டா ஆறிடுமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் உரக்கச் சிரித்தான்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி முற்பகல் பதினொன்றேகாலுக்கு முப்பத்தொன்று பட்டறைக்கு வந்தது. டயர் கழற்றுகிறவனுக்கு நெம்பி என்று பெயர். எந்த ரிம்மாக இருந்தாலும் இரண்டு லீவரில் நெம்பி எடுத்துவிடுவான். பின்டயரின் ஒரு விளிம்பை அவன் நெம்பியதும் ஒரு வாடை வந்தது. அழுகிய மீனும் கழிப்பறை மருந்தும் கலந்த வாடை. உள்ளே பச்சையாக, கோழையைப் போல, நூல் நூலாக, ஒரு கிண்ணம் அளவுக்கு ஜெல். ஊற்றிச் சில வாரமாகியிருக்க வேண்டும். பாதி உறைந்து தோல் கட்டியிருந்தது, மீதி வழிந்தது.

"சீ!" என்று சீச்சீ மூன்றடி பின்னால் போனார். "அந்த மூதேவிதான். சொன்னதைச் செய்ய மாட்டான், சொல்லாததை எல்லாம் செய்வான்."

ஜெல் இருந்தால் கழுவிவிட்டுத் தடவ வேண்டும் என்பது விதி. அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். இன்னும் மூன்று வண்டிகள் காத்திருந்தன. சீச்சீ சட்டைக் கையைச் சுருட்டினார். சாக்பீசை எடுத்தார். கையை டயருக்குள் கொண்டுபோனார். விரல் நுனியில் அது பட்டது. குளிர்ந்து, வழுக்கி, உயிருள்ளது போல அசைந்தது. கையை எடுத்துவிட்டார். டார்ச் விளக்கை வாங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்ட நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். பச்சையாகத் தெரிந்தது.

"ஜெல்லோடயே மாட்டிடவா சார்?" என்றான் நெம்பி.

"மாட்டு, மாட்டு. என் கண்ணுல காட்டாதே."

பிறகு பதிவேட்டில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினாறு ஆண்டுகளில் தடவாமல் எழுதிய "சரி" அது ஒன்றுதான்.

பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, பாலத்தை விட்டு இறங்கும் வளைவில், முப்பத்தொன்றின் பின்டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கம், குளிர்ப்பெட்டி ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். பதினெட்டு ரத்தக் குப்பிகள் சாலையில் உடைந்தன. அவன் கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

மேற்பார்வையாளர் அன்றைக்கே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டார். "வளைவுல விரட்டியிருக்கான். அதுக்கு முன்னாடி டயரைக் கண்டபடி நோண்டியிருக்கான். மார்ச் ஒண்ணாம் தேதி பத்து மணிக்கு விசாரணை. டயரை அறுத்துப் பார்த்து அறிக்கை குடுங்க. ஓட்டுநர் தப்புன்னா ஆளை அனுப்பிடலாம். உங்க உறவுங்கறதால உங்களைக் கேக்காம இருக்க முடியாது, நீங்கதானே பரிசோதகர்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் வீடு சுத்தமாகும்."

அது உண்மைதான். வேலை போனால் மாப்பிள்ளை தன் அண்ணன் ஊருக்குப் போய்விடுவான். முன்னறை காலியாகும். சீப்பு சீப்பாக இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளையை மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு முன்னறையை நிறைத்துக் கிடந்தான். கட்டுக்குள் அரித்தது. எதையோ உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான். சீச்சீ கூர்ந்து பார்த்தார். அவருடைய சீப்பு.

"சீ! அது என் சீப்புடா!"

"கழுவிக் குடுத்துடறேன் மாமா."

"கழுவினா போறதா அது?"

மனைவி சமையல் கட்டிலிருந்து வந்தாள். "சீப்பு கெடக்கட்டும். அவன் வேலை போகுமா? அதைச் சொல்லுங்க. உங்க ஒரு வார்த்தையிலதானே இருக்கு."

"டயரை அறுத்தாத்தான் தெரியும்" என்றார் அவர்.

"அறுக்க வேணாம் மாமா" என்றான் மாப்பிள்ளை. சொறிவதை நிறுத்தியிருந்தான். "நான் நாப்பத்தஞ்சு வேகத்துலதான் போனேன்னு எனக்கு நெனப்பு. ஆனா அது தப்பா இருக்கும். நீங்க தடவிப் பார்த்த டயர் அது. பன்னெண்டாம் தேதி கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க தடவினதுல குறை இருக்குமா? எலி இருந்தாக்கூட எந்த எலின்னு சொல்லிடுவீங்க. நான்தான் ஏதோ செஞ்சிருக்கேன். திரி சொருகினேன், அதை ஒத்துக்கறேன். எப்பன்னுதான் ஞாபகம் இல்லை. ஜனவரிக் கடைசியா, பிப்ரவரி நடுவுலயா... ஜெல்லும் அன்னைக்கேதான் ஊத்தினேன். ரெண்டும் ஒரே நாள்."

சீச்சீ எழுந்து போய்க் கை கழுவினார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. மனைவி வாசலில் வந்து நின்று, "இப்போ எதைத் தொட்டீங்கன்னு இந்தக் கழுவு?" என்று கேட்டாள். அவர் ஆறாவது தடவைக்குச் சோப்பை எடுத்தார்.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு டயரைக் கழுவாமல், அப்படியே மேசையில் வைத்தார்கள். கிழிந்திருந்தது பக்கச்சுவரின் மேல் ஓரம், ஏறக்குறைய ஒரு சாண். நெம்பி இரண்டு பக்கமும் பிடிக்க, சீச்சீ சாக்பீசால் கோடு போட்டு, வெறுங்கையை உள்ளே விட்டார். ஜெல் மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. இந்த முறை கையை எடுக்கவில்லை. கோட்டிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில், உறைந்த ஜெல்லின் தோலுக்குக் கீழே, திரியின் வால் தட்டுப்பட்டது. பெல்ட்டின் ஓரத்துக்கு இரண்டு விரல் வெளியே, தோள்பட்டையில். வெளியே நுனியை வெட்டிவிட்டிருந்ததாலும், மேலே மண் படிந்திருந்ததாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. உள்ளே அதிலிருந்து ஒரு புடைப்பு கிளம்பிக் கிழிசல் வரைக்கும் போயிற்று. மெத்தென்று, உள்ளங்கை நீளம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தவறாது.

ரம்பத்தால் அந்த இடத்தைக் குறுக்கே அறுத்தார். திரி போன இடத்தில் மூன்று நூல்கள் அறுந்திருந்தன. பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றிருந்தன, சொன்னபடியே. கழன்ற நூல்களின் முனைகள் உரசி உரசி மழுங்கி, சுற்றிலும் மை போல நைசாகக் கருந்தூள் சேர்ந்திருந்தது. பத்துப் பதினோரு நாளில் சேருகிற தூள் அல்ல. அது போதாதென்று திரியின் வாலை ஜெல் முழுசாகப் போர்த்திக் காய்ந்திருந்தது. பன்னிரண்டாம் தேதி டார்ச் வெளிச்சத்தில் அவர் பார்த்த அதே தோல்.

அன்று தடவியிருந்தால் முதல் நான்கு விரற்கடைக்குள்ளேயே தட்டுப்பட்டிருக்கும். டயர் குப்பைக்குப் போயிருக்கும்.

நெம்பி ரம்பத்தை எடுத்துத் துடைத்து வைத்தான். பிறகு, "சார், நான் வாயைத் தொறக்க மாட்டேன். திரி பன்னெண்டாம் தேதிக்கு அப்புறம் சொருகினதுன்னு எழுதிடுங்க. அவனுக்கே தேதி ஞாபகம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. யாரு இந்தத் தூளை எண்ணப் போறா?" என்றான்.

சீச்சீ தன் கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கோழை. அதன் நாற்றம் மூக்கில் இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகளாக ஒவ்வொரு டயரிலும் அடுத்தவன் அழுக்கைத்தான் பார்த்திருந்தார். எவன் துப்பினது, எவன் மிதித்தது, எவன் ஊற்றினது. முன்னறையில் கிடக்கிற அழுக்குச் சாக்கு, உடைந்த காலோடு, இவர் கையெழுத்தை நம்பித் தன் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தது. அதை நினைத்தபோது வந்த குமட்டல் ஜெல்லால் வந்ததல்ல.

"பதிவேட்டை எடு" என்றார்.

"கை கழுவிட்டு எழுதுங்க சார், ஏடு நாறிடும்."

"நாறட்டும்."

பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினார். "சரி" என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார், கீழே இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் எழுதினார்: "தடவவில்லை. ஜெல் அருவருப்பாக இருந்ததால் கையை எடுத்துவிட்டேன். திரி அன்றைக்கே இருந்தது." கையெழுத்து, தேதி, மணி: எட்டு ஐம்பது. ஓரத்தில் பச்சையாக ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்தது. அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் விசாரணை பத்து மணிக்குத் தொடங்கிப் பத்து இருபதுக்கு முடிந்தது. அறுத்த துண்டை மேசையில் வைத்து, எழுதியதை அப்படியே வாசித்தார். மேற்பார்வையாளர் முகம் மூத்திரச் சந்தில் நடப்பவருடையதைப் போலச் சுருங்கியது.

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எப்படியாவது..."

"எப்படியாவது எழுதினதாலதான் இது" என்றார் சீச்சீ.

திரி சொருகியதற்கு மாப்பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம். கால் சரியானதும் வேலைக்கு வரலாம். பரிசோதகர் வேலையிலிருந்து சீச்சீயை நீக்கி, பட்டறையின் கழுவுமிடத்துக்கு மாற்றினார்கள். பத்தொன்பது ரேடியல் வண்டிகளில் எத்தனையில் ஜெல் இருக்கிறதோ, அத்தனையையும் கழுவித் தடவி, புதுப் பரிசோதகர் பார்வைக்கு வைப்பது அவர் வேலை.

வீட்டில் அவரே சொன்னார், நின்றபடி. மனைவி முதலில் "அப்பாடா, வேலை இருக்குல்ல" என்றாள்; பிறகு முழுசும் புரிந்து கையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கி நாற்காலியிலிருந்து கீழே வைத்தான்.

"அப்போ நான் நாப்பத்தஞ்சுலதான் போயிருக்கேன்."

"ஆமா."

"நாலு நாளா இங்க நானே என்னைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன் மாமா. நீங்க பக்கத்து ரூம்லதான் இருந்தீங்க."

"ஆமா."

"சீ" என்றான் மாப்பிள்ளை. அவ்வளவுதான். கத்தவில்லை. நாற்காலியில் கிடந்த சீப்பை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, அவர் பக்கம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கழுவுமிடத்தில் ஏழு டயர்கள் அடுக்கியிருந்தன. நெம்பி ரப்பர் கையுறை கொண்டுவந்தான். "அதைப் போட்டுக்கிட்டா விரலுக்கு எதுவும் தெரியாது" என்று திருப்பிக் கொடுத்தார். முதல் டயரின் ஜெல்லைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அலசினார். வாடை போகவில்லை. சாக்பீசால் கோடு போட்டுக் கையை உள்ளே விட்டார். கால் சுற்று வந்திருப்பார். விரலில் ஏதோ கட்டியாக வழுக்கியது. கையை உதறிவிட்டு வெளியே ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்தார்.

விட்ட இடத்தில் தொடங்கவில்லை. வால்வுக் கோட்டில் விரல்களை வைத்து முதலிலிருந்து தடவத் தொடங்கினார்.